வரப்பில் இறக்குவதில்லை

மலையில் ஏறிக்கொண்டிருந்தவன் இளமாறன். கால் வலித்தது சிவகனிக்கு.

அவன் இருந்தது வடக்கே, லாஹௌல் பள்ளத்தாக்குக்கு மேலே, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஏணி சாத்தியது போல நிற்கும் ஒரு பனி இடுக்கில். சறுக்குப் பலகைகளை முதுகில் கட்டி, பூட்ஸில் இரும்பு முள் மாட்டி, பனிக்கோடரியைக் குத்திக் குத்தி ஏறினான். அவள் இருந்தது அடிவாரத்தில், கம்பெனிக்காரர்களின் தகரக் குடிலில், இரும்புக் கட்டிலில், இரண்டு கம்பளிக்குக் கீழே. அவள் பிடரியில் பல்லி அளவுக்கு ஒரு பட்டை ஒட்டியிருந்தது. அதற்கு ஜோடி அவன் பிடரியில். அவன் ஒரு அடி எடுத்து வைத்தால் அதன் அலுப்பு இவள் தொடையில் வந்து இறங்கியது. அவன் தொடை அலுக்காது. அதற்குத்தான் கூலி.

கூட யாரும் போகவில்லை. அலுப்பே தெரியாதவனுக்குத் துணை எதற்கு என்று இப்போதெல்லாம் பலரும் தனியாகத்தான் போகிறார்கள்.

"பனியில வழுக்கி வெளாட இம்புட்டுச் சாமானா?" என்றார் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிட்ணன். தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது இவளைப் போலவே அலுப்பு வாங்குகிறவர். "நாங்க பனமட்டைல ஒக்காந்து தேரி மணல்மேட்டுலருந்து வழுக்குவோம். டவுசர் கிழியும். அம்புட்டுத்தான் செலவு."

"ஒங்க ஆளு எங்க அண்ணாச்சி, இன்னைக்கு ஏறலையா?"

"டில்லிக்காரருக்கு நேத்தே பேதி. நல்லவேள, அதெல்லாம் பட்டையில வராது."

சிவகனி சிரித்தாள். சிரித்தால் விலாவில் பிடித்தது. அது யாருடைய விலா என்று அவள் யோசிப்பதை விட்டு நாளாகிவிட்டது.

சுவரில் மாட்டியிருந்த திரையில் இளமாறனின் தலைக்கவசக் கேமரா காட்டியதெல்லாம் தெரிந்தது. வெள்ளை, அதில் ஒரு கை, கையில் கோடரி, மறுபடி வெள்ளை. உப்பளத்தில் இருபத்தைந்து வருடம் நின்றவளுக்கு அந்த வெள்ளை புதிதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்டைகளை இணைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவள் டோல்மா. லாஹௌல்காரிதான். ஆனால் தூத்துக்குடி ஆட்களோடு பல குளிர்காலம் இருந்ததில் நன்றாகத் தமிழ் பேசுவாள். கெட்ட வார்த்தையும் சேர்த்தே கற்றிருந்தாள்.

"எக்கா, எவ்வளவு?"

அதுதான் கேள்வி. ஒன்றிலிருந்து பத்துக்குள் பதில். ஏழு தாண்டினால் ஏறுகிறவனைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். பத்து என்றால் டோல்மா சுவிட்சை இறக்கிவிடுவாள். வாங்கிய அலுப்பு முழுதும் உரியவனுக்கே போய்விடும். அதையும் அவன் சமதரையில் இருக்கும்போதுதான் செய்யலாம் என்பது கம்பெனி விதி. மற்றபடி யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. வாங்கியவர்கள் படுத்துத் தூங்கித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதுவரை அந்தக் குடிலில் பத்து என்று யாரும் சொன்னதில்லை.

"நாலு," என்றாள் சிவகனி.

ஆறு இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே டோல்மா சொல்லியிருந்தாள். "நல்லா கேட்டுக்கக்கா. அலுப்புங்கிறது காலு சொல்லுற சேதி. 'போதும் நிறுத்து'ன்னு சொல்லுது. அந்தச் சேதி அவனுக்குப் போவாது. ஒனக்குத்தான் வரும். அவன் காலு உள்ள தேஞ்சிட்டுத்தான் இருக்கும், அவனுக்குத் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும். பொய் சொல்லிராத."

சிவகனி தலையை ஆட்டினாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஆனால் உப்பளத்தில் வளர்ந்த நாக்கு வேறு மாதிரி.

அங்கே பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஒற்றை ஆள் போகும் அகலம். உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக அதில் நடப்பார்கள். முன்னால் போகிறவள் நின்றால் பின்னால் வருகிறவள் அத்தனை பேரும் சுமையோடு நிற்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வரப்பில் பெட்டியை இறக்குவதில்லை. கால் வெடித்து உப்புத் தண்ணீர் ஏறினாலும், மாதவிலக்கில் கண் இருட்டினாலும், இறக்குவது உப்பைக் குவிக்கும் அம்பாரத்தில்தான். நடுவில் "முடியல" என்று சொன்ன ஒருத்தியை வருடக்கணக்கில் "வரப்புராணி" என்று கூப்பிட்டார்கள். சிவகனியும் கூப்பிட்டிருக்கிறாள்.

உப்பளத்தில் பாதியைச் சூரிய மின்தகடு மூடியபின் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். படுத்துக்கொண்டே வேலை என்றார்கள். பெண்கள் நம்பாமல் சிரித்தார்கள். ஆள் எடுக்க வந்தவன் ஏன் இவ்வளவு தூரம் உப்பளத்தைத் தேடி வந்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கிட்ணனுக்குப் பிறகு தோன்றியது. "முடியலன்னு சொல்லாத ஆளாத் தேடுதான். வேறென்ன."

ரேடியோ கரகரத்தது.

"அக்கா, மேடைக்கு வந்துட்டேனுங்க." இளமாறன் கோயம்புத்தூர் மில்காரர் வீட்டுப் பையன். குரலில் மூச்சு வாங்கல்கூட இல்லை. "இங்கிருந்து உச்சி தெரியுதுங்க. நீங்க எப்படி இருக்கீங்க? போலாமுங்களா?"

கெட்டவன் என்று சொல்ல முடியாது. மூன்று குளிர்காலமாக இவளோடுதான் ஏறுகிறான். வரும்போதெல்லாம் மைசூர்பாகு கொண்டு வருவான். ஒவ்வொரு தடவையும் மேடையில் நின்று கேட்பான். இடுக்கின் முக்கால் உயரத்தில் பாறை ஒன்று தோள் மாதிரி நீட்டியிருந்தது. திரும்புவதென்றால் அங்கிருந்துதான் திரும்ப வேண்டும். அதற்கு மேல் உச்சி வரை போய்த்தான் திரும்ப முடியும்.

"ராத்திரி தூங்குனீங்களா தம்பி?" என்று கேட்டாள் சிவகனி. நேரம் கடத்தத்தான் கேட்டாள்.

"எங்கீங்க. அலுப்பு வந்தாத்தானே தூக்கம். ஆபீஸ் அலுப்புக்கும் ஒரு ஆள் வச்சுட்டேன், அதுக்கப்புறம் சுத்தமா போச்சு. மூணு வருஷமா ராத்திரி பூரா மோட்டுவளையத்தான் பாத்துட்டுப் படுத்திருக்கேனுங்க்கா."

"வேணும்னா நான் தாரேன் தூக்கம்," என்றார் கிட்ணன், ரேடியோவுக்குக் கேட்காமல். "கெடந்து நாறுது எங்கிட்ட."

டோல்மா திரும்பிப் பார்த்தாள். "எக்கா, எவ்வளவு? சரியாச் சொல்லு. இதுக்கு மேல வெயில் ஏறிரும்."

தொடை இரண்டும் சூளைச் செங்கல் மாதிரி காந்தியது. கெண்டைக்காலில் யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். ஒன்பது. ஒன்பதுக்கும் மேலே.

"ஆறு. மேல போட்டும்."

டோல்மா ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரேடியோவில் சொன்னாள்: "போலாம் சார்."

உச்சிக்குப் போய்விட்டான். அங்கே பனி, காற்றில் வளைந்து பாறைக்கு வெளியே கூரை மாதிரி தொங்கியது. அதில் மிதிக்காமல் ஒதுங்கி நின்று, முள்ளைக் கழற்றி, பலகைகளை மாட்டிக்கொண்டான். கேமரா கீழே குனிந்தது. இடுக்கு முழுதும் ஒரே பார்வையில் தெரிந்தது. அடியில் ஒரு பெரிய வெள்ளைக் குழி. அதற்கும் அப்பால் ஓடைக்கரை, ஜீப், ஜீப்புக்குப் பக்கத்தில் புள்ளியாக டிரைவர்.

"சாகப் போற கெணத்த எட்டிப் பாக்க மாதிரி இருக்கு," என்றார் கிட்ணன். "இதுக்குக் காசு வேற."

இளமாறன் குதித்தான்.

அவ்வளவு செங்குத்தில் வழுக்கிக்கொண்டே வளைய முடியாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் எம்பிக் குதித்து, காற்றிலேயே இரண்டு பலகைகளையும் திருப்பி, விளிம்பால் பனியை வெட்டி நிற்க வேண்டும். நின்றதும் அடுத்த குதி. ஒவ்வொரு குதியும் சிவகனியின் முட்டியில் சம்மட்டியாக விழுந்தது. உதட்டைக் கடித்தாள். பெட்டி தலையில் இருக்கிறது, வரப்பு நீளம், அம்பாரம் தெரிகிறது, இன்னும் கொஞ்சம். அப்படித்தான் அவள் எப்போதும் கடப்பாள்.

பாதி வழியில் பலகை வழுக்கியது. ஒரு ஆள் உயரம் சரிந்து நின்றான்.

"பனி கட்டியா இருக்குதுங்க. விளிம்பு பிடிக்க மாட்டேங்குது."

டோல்மா திரைக்கு மிக அருகே போனாள். மறுபடி குதித்தான். மறுபடி வழுக்கியது. கேமராவில் அவன் முட்டி தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"பனி நல்லாத்தான் இருக்கு," என்றாள் டோல்மா மெதுவாக. "காலுதான் போச்சு." கட்டிலுக்கு வந்து குனிந்தாள். "எக்கா. கெட்ட வார்த்தையில ஏசிருவேன். எவ்வளவு?"

"ஒம்பது."

"எப்பலருந்து?"

"மேடையிலருந்து."

டோல்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வரப்புல எப்பிடித் தாயி இறக்க," என்றாள் சிவகனி.

"இது வரப்பு இல்லக்கா. ஒனக்குப் பின்னால யாரும் வரல. அவன் ஒருத்தன்தான் நிக்கான், முன்னால." ரேடியோவை எடுத்தாள். "சார், உங்க கால் முடிஞ்சு போச்சு. குதிக்காதீங்க. பக்கவாட்டுல நின்னு தேய்ச்சிட்டே இறங்குங்க."

"எனக்கு ஒண்ணுமே இல்லைங்களே."

"உங்களுக்குத் தெரியாது. இறங்குங்க."

கேட்டுக்கொண்டான். பலகைகளைக் குறுக்கே வைத்து, சுவரில் சுண்ணாம்பு சுரண்டுவது போலச் சுரண்டிக்கொண்டே இறங்கினான். நேரமாயிற்று. வெயில் மேல் சுவரைத் தொட்டு, பனி உருண்டைகள் உதிர்ந்து அவனைத் தாண்டி ஓடின. இடுக்கின் வாய் வந்தது. குழிக்குள் வந்துவிட்டான்.

சிவகனிக்கு அங்கேதான் நினைவு போனது. ஒரு பெரிய வெள்ளை எழும்பி வந்தது. பாத்தியா பனியா என்று பார்ப்பதற்குள் மூடிவிட்டது.

விழித்தபோது கிட்ணன் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கம்பளி கீழே கிடந்தது. வாங்குகிறவர் மயங்கினால் இணைப்பு தானே அறுந்துகொள்ளும். வாங்கியதெல்லாம் ஒரே அடியாக உரியவனுக்குப் போய்விடும்.

"தம்பி?"

"விழுந்துட்டான். உசுரு இருக்கு," என்றாள் டோல்மா. "எந்திரிக்க மாட்டேங்கான்."

சிவகனி எழுந்து திரையருகே போனாள். போய் நின்ற பிறகுதான் கிட்ணன் தன்னை விசித்திரமாகப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"ஏட்டி, நீ நிமுந்து நிக்கெ."

ஆமாம். நிமிர்ந்துதான் நின்றாள். கழுத்தைத் திருப்பினாள். திரும்பியது. இத்தனை வருடம் கழுத்துக்குள் ஒரு கல் இருந்தது என்பதே அது இல்லாமல் போனபோதுதான் தெரிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். முட்டியில் கை ஊன்றாமல் எழுந்தாள். அப்படி எழுந்தது கல்யாணத்துக்கு முன்னால்.

திரையில் வானம் மட்டும் கோணலாகத் தெரிந்தது. ரேடியோவில் அவன் குரல். முதல் முறையாக அதில் மூச்சு வாங்கல் இருந்தது.

"அக்கா... காலு வலிக்குதுங்க. அது சரி, ஏறுனேன், வலிக்குது. கழுத்து ஏனுங்க வலிக்குது? தலைமேல யாரோ எதையோ வச்சுட்டாங்க, எடுக்க மாட்டேங்கறாங்க. இடுப்பு நாள் பூரா குனிஞ்சே கெடந்த மாதிரி... உள்ளங்கால் எரியுதுங்க்கா. பூட்ஸுக்குள்ள புண்ணு இருக்கற மாதிரி. புண்ணுல உப்பு வச்ச மாதிரி."

சிவகனி குனிந்து தன் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"அது என்னுது," என்றாள் சிவகனி.

டோல்மா மெஷினைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "மூணு வருஷம் அதே ரெண்டு பேரு. அலுப்புல பேரு எழுதியிருக்காதுல்லாக்கா. எது யாருதுன்னு மெஷினுக்குப் பிரிக்கத் தெரியல. இருந்த மொத்தத்தையும் அனுப்பிட்டு."

"உப்பளத்துல உள்ளதுமா?"

"எல்லாம்."

"அப்ப எங்கிட்ட?"

"ஒண்ணும் மிச்சமில்ல."

கிட்ணன் தன் கட்டிலில் உட்கார்ந்தார். "அதான் விசயமா," என்றார். "இத்தன நாளு அவனுவ தொடை தேக்குமரமாட்டம் ஆச்சு, என் தொடை நூலாப் போச்சு. வேலை செஞ்சா ஒடம்பு உரம் ஏறணும். இங்க உரமும் அவனுவளுக்குத்தான். நமக்கு அலுப்பு மட்டும். இப்ப ஒருத்தனாவது வாங்கிக்கிட்டான்." கீழே கிடந்த கம்பளியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "போட்டும் விடு. ஊருக்குப் போயிரு. நிமுந்துக்கிட்டே போ."

"அண்ணாச்சி, அவன் கெடக்குற எடம் எது தெரியுமா?" என்றாள் டோல்மா. "சுத்தி இருக்குற பனிச்சரிவு எல்லாம் வந்து விழுற குழி. மேல வெயில் அடிச்சிட்டு. இந்த நேரத்துல ஆள் அனுப்ப யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அவனா எந்திரிச்சு வெளிய வந்தாத்தான்."

"எந்திரிக்கச் சொல்லு."

"இவ சுமை அவன் தலையில. எப்பிடி எந்திரிப்பான்?"

சிவகனி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். குளிர் முகத்தில் அறைந்தது. நல்ல அறை. ஜீப் தடத்தில் சேறும் பனியும் கலந்து கிடந்தது. அதில் நடந்தாள். கொஞ்சம் வேகமாக நடந்தாள். யாரும் பின்னால் இல்லை, தலையில் ஒன்றும் இல்லை. தடம் திரும்பும் இடம் வரை போனாள். அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். அவனுக்கு யார் சொன்னார்கள் ஏறச் சொல்லி?

நான் சொன்னேன், என்று அவளுக்குத் தோன்றியது. ஆறு என்று சொன்னேன்.

உள்ளே வந்தபோது ரேடியோவில் அவன் குரல் மாறியிருந்தது. வலி இல்லை அதில். ஒரு சந்தோஷம் இருந்தது.

"அக்கா, தூக்கம் வருதுங்க."

"என்னது?"

"தூக்கமுங்க. கண்ணு சொக்குது. மூணு வருஷம் கழிச்சு... ஆஹா. செத்த நேரம் படுத்துக்கறனே. இங்க ஒண்ணும் குளிரலைங்க."

"தூங்காதீங்க தம்பி. அது தூங்குற எடம் இல்ல."

"செத்த நேரமுங்க..."

சிவகனி போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பட்டையைத் தொட்டுப் பார்த்துப் பிடரியில் அழுத்திக்கொண்டாள்.

"நான் வாங்குன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் டோல்மா. "மறுபடி மொத்தமா வாங்குனா நெஞ்சு தாங்குமா தெரியாது. ஒன் உசுருக்கா."

தலைச்சுமையை யாரும் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. உப்பளத்தில் ஒருத்தி குனிந்து நிற்க, இன்னொருத்திதான் தூக்கி வைக்க வேண்டும். அதற்கு அங்கே ஒரே ஒரு சொல்தான்.

"தூக்கி விடு," என்றாள் சிவகனி. டோல்மா சுவிட்சை ஏற்றினாள்.

வந்தது. தவணையாக வரவில்லை. கழுத்துக்குக் கல் திரும்பியது, இடுப்புக்கு வளைவு திரும்பியது, உள்ளங்காலில் பழைய வெடிப்பெல்லாம் வாய் திறந்தன, அதற்கு மேல் காலையிலிருந்து ஏறிய மலை வந்து உட்கார்ந்தது. அவள் கத்தவில்லை. கிட்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் நெரித்த நெரிப்பில் அவர்தான் கத்தினார்.

திரையில் வானம் நகர்ந்தது. பனி தெரிந்தது. இளமாறன் எழுந்து நின்றான்.

"என்னங்க ஆச்சு எனக்கு?"

"கேள்வி கேக்காதீங்க சார். நேரா போங்க. ஓடை வரைக்கும் நிக்காம போங்க."

குழியின் உதட்டைத் தாண்டினான். தாண்டியபின் மெல்லிய சரிவுதான், பலகை தானே ஓடும். சிவகனி பல்லைக் கடித்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்தாள். கண்ணை மூடினால் மறுபடி அந்த வெள்ளை வரும். வந்தால் எல்லாம் மறுபடி அவனுக்குப் போய்விடும். மூடவில்லை. ஓடைக்கரை வந்தது. ஜீப் வந்தது. டிரைவர் கை நீட்டினார்.

அன்றைக்குப் பனிச்சரிவு ஒன்றும் விழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வந்துட்டேனுங்க்கா!" ஜீப்பின் பின்பலகையில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்தினான். டிரைவர் கொடுத்த டீ தெரிந்தது. "நடுவுல என்னமோ ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க. கழுத்து வலின்னு சொன்னேன்ல? இப்ப யோசிச்சா எப்படி இருந்துதுன்னே ஞாபகம் வரமாட்டேங்குது. ஒண்ணுமே இல்லைங்க இப்ப. ஃப்ரெஷ்ஷா இருக்கேன்."

"சரி தம்பி."

"ரொம்ப நன்றிங்க்கா. இந்தத் தடவை ரெண்டு பாக்கெட் மைசூர்பாகு. அப்புறம், குழியிலிருந்து பாத்தனுங்க, இடது பக்கம் இன்னொரு இடுக்கு இருக்குது. இதைவிட ஒல்லி. யாருமே எறங்கியிருக்க மாட்டாங்க. வானிலை இப்படியே இருந்தா நாளைக்கே போலாமுங்களா?"

டோல்மா கீழே குனிந்துகொண்டாள். கிட்ணன் காறி, துப்ப இடமில்லாமல் விழுங்கினார்.

நாள் முடிவில் கடைசியாக ஒரு முறை கேட்டாக வேண்டும். டோல்மா கேட்டாள்.

"எக்கா, எவ்வளவு? ஆறுன்னு போட்டுக்கட்டா?"

சிவகனி திரையைப் பார்த்தாள். "சமதரையிலதான இருக்கான்?"

"ஆமா. ஜீப்புல ஒக்காந்திருக்கான்."

"கூட ஆளு இருக்கு?"

"இருக்கு."

"குளிருமா?"

"கம்பளி இருக்குக்கா. எதுக்குக் கேக்க?"

"பத்து," என்றாள் சிவகனி.

டோல்மாவின் கை சுவிட்சுக்குப் போய், அங்கேயே நின்றது. "மொத்தமும் போவும். ஒன்னோடதும்."

"தெரியும். அம்பாரம் வந்துட்டுல்லா. இறக்கு."

சுவிட்ச் இறங்கியது. திரையில் டீ டம்ளர் சாய்ந்தது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்து ஜீப்பின் தரைவிரிப்பைக் காட்டியது. டிரைவர் ஏதோ ஹிந்தியில் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவில் குறட்டைச் சத்தம் கேட்டது. நல்ல கனமான குறட்டை. உப்பு வாரிவிட்டு வந்து படுக்கும் ஆட்களின் குறட்டை.

சிவகனி பட்டையைப் பிய்த்துத் தலையணையில் வைத்தாள். முட்டியில் கை ஊன்றாமல் எழுந்தாள்.